அரையாண்டு விடுமுறைக்கு வேதாளை: பையில் ரேடியோ எடுத்துப் போகலாமா?

வைகைக்கரை | டிசம்பர் 6, இரவு 9.20

எல்லோருக்கும் வணக்கம். பிள்ளைகளுக்கு அரையாண்டுத் தேர்வு முடிந்ததும் டிசம்பர் 24 முதல் ஐந்து நாள், மண்டபத்துக்குப் பக்கத்திலுள்ள வேதாளையில் தங்கப் போகிறோம். என் மனைவியின் பெரியம்மா வீடு. வாசலில் நின்றால் கடல் இரைச்சல் கேட்கும், நடந்தால் ஐந்து நிமிடம். இந்த முறை என் ஹாம் ரேடியோவையும், அதாவது லைசன்ஸ் வாங்கிப் பொழுதுபோக்காகப் பிறரோடு பேசுகிற கருவியையும், எடுத்துப் போகலாம் என்று முடிவு செய்திருக்கிறேன். வீட்டிலும் சரி என்று சொல்லிவிட்டார்கள்.

லைசன்ஸ் வந்து இரண்டு வருஷம் ஆகிறது. இதுவரை மதுரையில் எங்கள் மொட்டை மாடியைத் தவிர வேறெங்கும் ஆன்டெனா கட்டியதில்லை. அந்த மாடியில் 7 மெகாஹெர்ட்ஸில் பகலெல்லாம் எஸ்7 நாய்ஸ் (எஸ் என்பது ரேடியோவின் சிக்னல் மீட்டர் அளவு). பக்கத்து வீட்டு சோலார் இன்வெர்ட்டர், தெருவிளக்கு, சார்ஜர் என்று ஒன்று மாற்றி ஒன்று. சத்தமில்லாத ஓர் இடத்தில் உட்கார்ந்து பேண்டை, அதாவது ஹாம்களுக்கான அலைவரிசைத் தொகுதியை, முழுசாகக் கேட்க வேண்டும் என்பது ரொம்ப நாள் ஆசை.

கையில் இருப்பவை: ஷியெகு ஜி90 ரிக் (பேசவும் கேட்கவுமான கருவி), 6 ஆம்பியர் மணி லித்தியம் இரும்பு பாஸ்பேட் பேட்டரி, 20 மீட்டர் எண்ட் ஃபெட் வயர் (ஒரு முனையில் இணைக்கிற ஆன்டெனா), அதற்கு நானே சுற்றிய 49:1 டிரான்ஸ்ஃபார்மர், பத்து மீட்டர் ஆர்ஜி58 கேபிள். கம்பம் இல்லை. கார் டிக்கியில் எனக்கு ஒதுக்கியிருப்பது ஒரே ஒரு பை வைக்கிற இடம்.

அந்தப் பக்கம் போய்வந்தவர்கள் சொல்லுங்கள். எந்த ஆன்டெனா சரிப்படும்? தனுஷ்கோடி வரை போய்க் கட்டலாமா? கடலோரத்தில் வயரும் கம்பமுமாக நின்றால் போலீஸ் தொந்தரவு வருமா? உப்புக்காற்றில் ரிக் என்ன ஆகும்?

கொங்கு வயர் | டிசம்பர் 6, இரவு 10.05

போயே ஆக வேண்டும் நண்பரே. நீங்கள் சொன்ன வேதாளையை விடத் தனுஷ்கோடியின் கடைக்கோடியான அரிச்சல்முனைதான் என் தேர்வு. மூன்று பக்கமும் உப்புத் தண்ணீர், ஒரு மின்கம்பிகூடக் குறுக்கே இல்லை. 2017இல் கடைசி வரை தார்ச்சாலை வந்துவிட்டதால் காரிலேயே போகலாம். காற்று நன்றாக அடிக்கும் இடம், கம்பமே வேண்டாம். ஒரு பெரிய பட்டம் வாங்கி, அதில் 20 மீட்டர் வயரைக் கட்டி மேலே விட்டால் போதும்.

சேதுச்சீமை | டிசம்பர் 7, காலை 6.10

கொங்கு அண்ணன் ஆசையோடு சொல்கிறார், ஆனால் பட்டம் வேண்டாம். தயவுசெய்து வேண்டாம். உச்சிப்புளியில் கடற்படையின் விமானத் தளம் இருக்கிறது, ஐஎன்எஸ் பருந்து. ஹெலிகாப்டரும் சிறு விமானமும் கரையை ஒட்டித் தாழ்வாகப் பறப்பதை இங்கே இருப்பவர்கள் நாள்தோறும் பார்க்கிறோம். மண்டபத்தில் கடலோரக் காவல் படை இருக்கிறது. அப்படிப்பட்ட வானத்தில் உலோக வயரைப் பட்டத்தில் ஏற்றுவது ஆளுக்கும் ஆபத்து, நம் பொழுதுபோக்குக்கும் கெட்ட பெயர்.

தனுஷ்கோடி பற்றி. டிசம்பரில் சபரிமலைக்கு மாலை போட்டவர்கள் வண்டி வண்டியாக ராமேஸ்வரம் வருவார்கள், அத்தனை பேரும் அரிச்சல்முனைக்கும் போவார்கள். நிழல் என்று ஒரு மரம் கிடையாது. சாயங்காலமானால் போலீஸ் எல்லோரையும் வெளியே அனுப்பிவிடும். தூரத்துக் குரல்கள் வரத் தொடங்கி நமக்குப் பேண்ட் திறக்கும் நேரத்தில் நம்மைக் கிளப்புவார்கள். அங்கிருந்து தலைமன்னார் ஏறக்குறைய 30 கிலோமீட்டர்தான். எல்லை அவ்வளவு பக்கத்தில் இருக்கும்போது, மணலில் உட்கார்ந்து மைக்கில் ஆங்கில எழுத்துகளைச் சொல்லிக்கொண்டிருக்கும் ஆளைப் பார்த்து யாருக்கும் சந்தேகம் வரத்தான் செய்யும். சந்தேகப்படுவது அவர்கள் வேலை. குடும்பத்தோடு பார்க்கப் போங்கள், ரேடியோவைக் காரிலேயே வையுங்கள்.

வேதாளை நல்ல இடம், அதுவும் இந்த மாதத்தில். காரணம் காற்று. இப்போது வாடைக்காலம். வடகிழக்கிலிருந்து அடிக்கிற காற்றில் பாக் நீரிணைப் பக்கம், அதாவது அரியமான், பிரப்பன்வலசை, தேவிபட்டினம் எல்லாம் கடல் கலங்கி, தூவானம் கரை வரை வந்து விழும். மன்னார் வளைகுடாப் பக்கம் குளம் மாதிரி இருக்கும். தென்மேற்குக் காற்றான கச்சான் அடிக்கிற ஆனி ஆடியில் அப்படியே தலைகீழ். வேதாளை தெற்குக் கரை, அதனால் உங்கள் ரிக்குக்கு உப்புச் சாரல் குறைவு. எதிரே கோடு போலத் தீவுகள் தெரியும். மன்னார் வளைகுடா தேசியப் பூங்காவின் 21 தீவுகளில் சில அவை. படகுக்காரர் யாராவது கூட்டிப் போகிறேன் என்றாலும் ஏறாதீர்கள். வனத்துறை அனுமதி இல்லாமல் அங்கே கால் வைக்கக்கூடாது.

போலீஸ் விஷயத்தில் நான் பத்து வருஷமாகச் செய்வது இதுதான். லைசன்ஸில் நம் வீட்டு முகவரிதான் இருக்கிறது. ஆகவே எந்தத் தேதியில், எந்த ஊரில், எந்த பேண்டில், எத்தனை வாட்டில் இயக்கப் போகிறேன் என்று, லைசன்ஸ் கொடுக்கிற மத்திய அரசுப் பிரிவான டபிள்யூபிசிக்கு முன்கூட்டியே எழுதிவிடுவேன். அந்தக் கடிதத்தின் நகலும் லைசன்ஸின் அசலும் கையில் இருக்கும். ஊருக்குப் போன அன்றே உள்ளூர் ஸ்டேஷனிலும் கடலோரப் பாதுகாப்புக் குழும ஸ்டேஷனிலும் ஒரு தாள் கொடுத்துவிடுவேன், தமிழில், அரைப் பக்கம். கம்பம் நிமிர்வதற்கு முன்னால் தாள் போய்ச் சேர வேண்டும். அப்புறம் கரையில் வலை பின்னுகிறவர்களிடம் போய் உட்கார்ந்து என்ன செய்யப் போகிறேன் என்று சொல்லிவிடுவேன். அந்தக் கரை அவர்களுடைய வேலையிடம். கேட்டுவிட்டுக் கட்டினால் அவர்களே இடம் காட்டுவார்கள்.

மோர்ஸ் கீ | டிசம்பர் 7, மாலை 5.45

தம்பி வைகைக்கரை, சேதுச்சீமை சொன்னதை அப்படியே செய்யுங்கள். நான் ஆன்டெனாவைப் பற்றி மட்டும் பேசுகிறேன். காரைக்குடியில் இருந்தாலும் என் ஆன்டெனாவெல்லாம் பாதி நாள் கடலோரத்தில்தான் நிற்கும்.

கடலோரம் போகிறவர் செங்குத்து ஆன்டெனா கட்டாமல் திரும்பினால் போனதில் பாதி வீண். வறண்ட மணலின் மின்கடத்தும் திறன் மீட்டருக்கு ஆயிரத்தில் ஒரு பங்கு சீமன்ஸ் அளவுதான். கடல்நீரில் அது நான்கு, ஐந்து. ஆயிரக்கணக்கான மடங்கு வித்தியாசம். செங்குத்தாக நிற்கிற வயரிலிருந்து அடிவானத்தை ஒட்டிப் போகிற அலையைச் சாதாரண மண் தின்றுவிடும், கடல் தின்னாது. 5 வாட், 10 வாட் வைத்துக்கொண்டு தூரதேசம் பேச வேண்டுமென்றால் நமக்கு வேண்டியது அந்தத் தாழ்வான கோணம்தான்.

14.2 மெகாஹெர்ட்ஸுக்குக் கால் அலை வயர், அதாவது அலைநீளத்தில் கால் பங்கு, 5 மீட்டர். 21.2க்கு 3.37 மீட்டர், 28.4க்கு 2.5 மீட்டர். ஒரு சவுக்குக் கம்பு போதும், இல்லாவிட்டால் மீன் பிடிக்கிற நீட்டுத் தூண்டில் கழி. கண்ணாடி இழைக் கழியாகப் பார்த்து வாங்குங்கள், கார்பன் கழி மின்சாரம் கடத்தும், அது வேண்டாம். கீழே 5 மீட்டரில் நான்கு ரேடியல் வயர்களை (ஆன்டெனாவின் தரைப் பாதி) ஈர மணல் மேல் விரித்துவிடுங்கள், ஒன்றிரண்டு தண்ணீருக்குள் போனாலும் நல்லதுதான். கம்பம் தண்ணீர் விளிம்பில் நிற்க வேண்டும். கரைக்கு உள்ளே நூறடி தள்ளி வைத்துவிட்டு 'கடலோரத்தில் கட்டினேன், ஒன்றும் வித்தியாசமில்லை' என்று சொல்கிறவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன்.

வேதாளையிலிருந்து தெற்கே பார்த்தால் ஒரு பக்கம் இந்தோனேசியா, ஆஸ்திரேலியா, இன்னொரு பக்கம் மொரீஷியஸ், ரீயூனியன், தென்னாப்பிரிக்கா. தீவுகளைக் கழித்துவிட்டால் கண்ணுக்கெட்டிய தூரம் உப்புத் தண்ணீர். ஐரோப்பா உங்கள் முதுகுப் பக்கம், அதற்கு இந்தக் கடல் உதவாது.

இன்னொன்றையும் மனதில் வையுங்கள். நம் தென்கோடி பூமியின் காந்த நடுக்கோட்டுக்குப் பக்கத்தில் இருக்கிறது. தும்பாவில் 1963இல் முதல் ராக்கெட்டை ஏவியதற்கும் அதுதான் காரணம். உங்கள் ராமேஸ்வரத்துக் கலாம் வேலை பார்த்த இடம். இந்தக் கோட்டுக்கு மேலே, சூரியன் மறைந்த கொஞ்ச நேரத்தில், நம் அலைகளைத் திருப்பி அனுப்புகிற அயனி மண்டலத்தில் குமிழிகள் கிளம்பும். அப்போது எதிர்முனையிலிருப்பவர் குரல் தண்ணீருக்குள்ளிருந்து பேசுவது போல் நடுங்கும். ரிக் கெட்டுவிட்டது, கனெக்டர் லூசாகிவிட்டது என்று எதையும் பிரிக்காதீர்கள். நடுராத்திரிக்கு மேல் தானாகத் தணியும்.

முத்துநகர் | டிசம்பர் 8, காலை 7.30

ஐயா சொன்ன செங்குத்து ஆன்டெனாவை நானும் ஒப்புக்கொள்கிறேன், ஆனால் அதை மட்டும் எடுத்துக்கொண்டு போனால் தம்பி ஏமாந்து போவார். காலையில் 7 மெகாவில் தமிழ்நாட்டு ஆட்கள் எல்லோரும் இருப்பார்கள். மதுரை, திருச்சி, சென்னை, பெங்களூர் எல்லாம் 100 முதல் 600 கிலோமீட்டருக்குள். அந்தத் தூரத்துக்கு அலை தலைக்கு மேலே போய் நேராகத் திரும்பி வர வேண்டும். அதற்குத் தாழ்வாகக் கிடக்கிற வயர்தான் சரி. உங்கள் கையில் இருக்கும் 20 மீட்டர் எண்ட் ஃபெட்டை நடுவில் ஐந்து மீட்டர் தூக்கி, இரண்டு முனையையும் ஆளுயரத்தில் கட்டுங்கள். அதே சவுக்குக் கம்பு இரண்டுக்கும் ஆகும்.

பனைமரத்தில் கட்ட ஆசை வரும், அந்தக் கரையில் பனைக்குப் பஞ்சமில்லை. ஏற வேண்டாம். தூண்டில் போடுகிறவர்கள் வைத்திருக்கும் தங்கூசி நூலும் ஓர் ஈயக்குண்டும் வாங்கிக்கொள்ளுங்கள். குண்டை மட்டைக்கு மேலே எறிந்து, தங்கூசியைப் பிடித்து நைலான் கயிற்றை இழுத்துவிடலாம். மரத்துக்காரரிடம் கேட்டுவிட்டு. எறியும்போது பிள்ளைகள் கீழே நிற்கக்கூடாது.

நாய்ஸ் பற்றி ஒன்று. கடலோரம் என்றாலே அமைதி என்று நினைத்துப் போகாதீர்கள். தூத்துக்குடியில் என் வீட்டில் இரண்டு வருஷத்துக்கு முன் திடீரென்று எல்லா பேண்டிலும் எஸ்9க்குக் கரகரப்பு. கையில் ஒரு சின்ன ஏஎம் ரேடியோவை வைத்துக்கொண்டு ராத்திரி எட்டு மணிக்குத் தெருத் தெருவாக நடந்தேன். மூன்றாவது தெரு முனை மின்கம்பத்தடியில் ரேடியோ கத்தியது. அண்ணாந்து பார்த்தால் பீங்கானைச் சுற்றி நீலமாக ஒரு பொறி, எறும்பு ஊர்வது மாதிரி ஓடிக்கொண்டிருக்கிறது. கடல்காற்றில் வந்த உப்பு பீங்கான் மேல் படிந்து, ராத்திரி ஈரத்தில் ஊறி, அதன் வழியாக மின்சாரம் கசிகிறது. இரண்டு நாள் கழித்து நல்ல மழை. மழை விட்டதும் ரிக்கைப் போட்டேன், எஸ்2. உப்பைக் கழுவிவிட்டுப் போய்விட்டது. அதனால் நீங்கள் மின்கம்பி வரிசைக்கு நூறு மீட்டராவது தள்ளி உட்காருங்கள். முந்தின நாள் மழை பெய்திருந்தால் விடிகாலையில் கட்டாயம் எழுந்து கேளுங்கள்.

கேட்பவன் 21 | டிசம்பர் 8, இரவு 11.15

முத்துநகர் அக்கா, நான் கீழக்கரை, கல்லூரி இரண்டாம் வருஷம். ஹாம் லைசன்ஸுக்கான ஏஎஸ்ஓசி தேர்வுக்குப் படித்துக்கொண்டிருக்கிறேன். மோர்ஸ் வராததால், அது தேவைப்படாத ரெஸ்ட்ரிக்டட் கிரேடு. எங்கள் ஊரில் சில நாள் காலையில் எஃப்எம் திருப்பினால் இலங்கை ஸ்டேஷன்கள் மதுரையை விடத் தெளிவாகக் கேட்கின்றன. சில நாள் ஒன்றுமே இல்லை. இது ஹாம்களின் 145 மெகாஹெர்ட்ஸிலும் நடக்குமா?

முத்துநகர் | டிசம்பர் 9, காலை 6.50

நடக்கும் தம்பி, நல்ல கேள்வி. கடலுக்கு மேலே ஈரமான காற்றும் அதற்கு மேல் வறண்ட, கொஞ்சம் சூடான காற்றும் அடுக்காக நிற்கும்போது அலை அந்த அடுக்குக்குள் குழாயில் போவது மாதிரி வளைந்து போகும். எஃப்எம்முக்கு அது 100 மெகாவை ஒட்டி நடந்தால் 145க்கு இன்னும் எளிது. ஆகவே எஃப்எம் டயல்தான் உனக்கு இலவசமான அளவுமானி. எந்தத் தேதி, எத்தனை மணி, காற்று எப்படி, எந்த ஸ்டேஷன் என்று இப்போதே ஒரு நோட்டில் எழுதி வை. லைசன்ஸ் வருகிற நாளில் உன் கடற்கரையைப் பற்றி எங்கள் எல்லோரையும் விட உனக்கு அதிகம் தெரிந்திருக்கும்.

145.800இல் சர்வதேச விண்வெளி நிலையத்தையும் கேட்டுப் பார். அடிவானம் வரை மறைப்பில்லாத கரை உனக்கு இருக்கிறது. நிலையம் கிளம்பும்போதே பிடித்து இறங்கும் வரை கேட்கலாம், பத்து நிமிடம் கிடைக்கும்.

வைகைக்கரை | டிசம்பர் 12, இரவு 9.00

நன்றி அண்ணன்மார்களே, ஐயா, அக்கா. டபிள்யூபிசிக்குக் கடிதம் போய்விட்டது. கண்ணாடி இழைக் கழி வாங்கிவிட்டேன், நீட்டினால் ஏழு மீட்டர். ரேடியல்களை மஞ்சள், சிவப்பு ஒயர் வாங்கி வெட்டினேன், மணலில் யாரும் தடுக்கி விழக்கூடாது என்று.

பேட்டரிக் கணக்கைச் சரிபாருங்கள். கேட்கும்போது ஜி90 அரை ஆம்பியர் எடுக்கிறது. 10 வாட்டில் பேசும்போது சுமாராக நான்கு ஆம்பியர் என்று வைத்தேன். கால்வாசி நேரம் பேச்சு, மீதி கேட்பது என்றால் சராசரி 1.4 ஆம்பியர். 6 ஆம்பியர் மணிக்கு நாலு மணி நேரம் தாராளம். காலையில் ஒன்றரை மணி நேரம், சாயங்காலம் ஒரு மணி நேரம் என்று குடும்பத்தோடு பேசி வைத்திருக்கிறேன், அதற்கு மேல் இல்லை.

மோர்ஸ் கீ | டிசம்பர் 13, காலை 5.30

கணக்கு சரி. விமானத்தில் போகிறவர்களுக்கும் இந்த அளவு வசதி. 12.8 வோல்ட்டை 6ஆல் பெருக்கினால் 77 வாட் மணி, 100க்குள் அடங்கும், கைப்பையில் வைக்கலாம்.

பேட்டரி வயரில் ஃபியூஸ் போட்டாயிற்றா? எழுதவில்லையே.

வைகைக்கரை | டிசம்பர் 13, காலை 8.10

போடவில்லை ஐயா. இன்று போட்டுவிடுகிறேன், 10 ஆம்பியர்.

சேதுச்சீமை | டிசம்பர் 14, இரவு 8.40

மறந்துவிட்டேன், இதைக் கட்டாயம் சொல்ல வேண்டும். மார்கழி பிறக்கப் போகிறது. விடிகாலை நாலரை, ஐந்துக்கே கோயில் ஒலிபெருக்கி போட்டுவிடுவார்கள். இங்கே தர்காக்களும் பள்ளிவாசல்களும் நிறைய, அங்கும் ஒலிபெருக்கி இருக்கிறது. நீளமான ஸ்பீக்கர் ஒயர் அத்தனையும் நமக்கு ஆன்டெனா மாதிரிதான். பக்கத்தில் உட்கார்ந்து 7 மெகாவில் பேசினால் ஆம்ப்ளிஃபயருக்குள் புகுந்து, பாட்டுக்கும் பாங்குக்கும் நடுவில் நம் குரல் கரகரவென்று வரும். எனக்கு ஒருமுறை நடந்தது. ஓடிப்போய் மன்னிப்புக் கேட்டேன், பெரியவர்கள் தண்ணீர் கொடுத்து உட்கார வைத்தார்கள், ஆனால் எனக்குத் தாங்கவில்லை. ஒலிபெருக்கி கண்ணுக்குத் தெரிகிற இடத்தில் கட்டவே வேண்டாம். அந்த நேரங்களில் கேட்பதோடு நிறுத்துங்கள்.

மீனவர்கள் வயர்லெஸ் வைத்திருப்பார்கள், கடல்சார் விஎச்எஃப், சானல் 16 என்றால் 156.8 மெகாஹெர்ட்ஸ். ஆபத்து நேரத்துக்கான அலைவரிசை அது. உங்கள் கையடக்க செட்டில் அது திறந்து கிடந்தால் ஊருக்குப் போகும் முன்பே பூட்டிவிடுங்கள். கைதவறிக்கூட பட்டனை அமுக்கக்கூடாது.

கொங்கு வயர் | டிசம்பர் 14, இரவு 9.30

பட்டம் பற்றி நான் சொன்னதைத் திரும்பப் பெறுகிறேன். விமானத் தளம் அவ்வளவு பக்கம் என்பது மனதில் இல்லை. சேதுச்சீமை அண்ணனுக்கு நன்றி.

26ஆம் தேதி அங்கேதான் இருப்பீர்களா வைகைக்கரை?

மோர்ஸ் கீ | டிசம்பர் 15, காலை 6.00

கொங்கு கேட்டதும் எனக்கும் அதுதான் நினைவுக்கு வந்தது. 2004 டிசம்பரில் ஹைதராபாத் தேசிய அமெச்சூர் ரேடியோ நிறுவனத்தின் (என்ஐஏஆர்) குழுவோடு பாரதி பிரசாத் என்ற ஹாம் அந்தமானுக்குப் போயிருந்தார். பல வருஷங்களாக அந்தத் தீவுகளிலிருந்து ஹாம் குரலே இல்லை, உலகம் முழுக்க அந்தக் குரலுக்காகக் காத்திருந்தது. போர்ட் பிளேரில் ஓர் ஓட்டலில் தங்கி, அங்கேயே ஆன்டெனா கட்டி ஆயிரக்கணக்கான தொடர்புகள் எடுத்துக்கொண்டிருந்தார்கள். 26 காலையில் பூமி ஆடியது, கடல் உள்ளே வந்தது. தூரதேசத் தொடர்புக்காகக் கொண்டுபோன ரிக்கை வைத்தே அவர்கள் மணிக்கணக்காகத் தீவுக்கும் நிலத்துக்கும் நடுவே செய்தி கடத்தினார்கள். யார் உயிரோடு இருக்கிறார், யாரைக் காணோம், எங்கே மருந்து வேண்டும் என்று. நான் அன்று இங்கே 14 மெகாவில் கேட்டுக்கொண்டிருந்தேன். பேசக் கூடாது, அலைவரிசையைக் காலியாக விட வேண்டும் என்று மைக்கைத் தூர வைத்துவிட்டுக் காதை மட்டும் கொடுத்தேன்.

அதற்கு நாற்பது வருஷம் முன்னால், 1964 டிசம்பர் 22 ராத்திரி புயலில் தனுஷ்கோடி அழிந்தபோது பாம்பனுக்கு அந்தப் பக்கம் இப்படிக் குரல் கொடுக்க ஆளில்லை. ரயிலைக் கடல் கொண்டுபோனதே தாமதமாகத்தான் தெரிந்தது. அந்த மண்ணில் போய் உட்காரும் போது இரண்டையும் நினைத்துக்கொள்வேன்.

வைகைக்கரை | டிசம்பர் 26, பிற்பகல் 2.20

வேதாளையிலிருந்து எழுதுகிறேன். நேற்றும் முந்தாநாளும் மேகம், நேற்று ராத்திரி மழை. அக்கா சொன்னதை நினைத்து இன்று ஐந்து மணிக்கே எழுந்து கேட்டேன். 7 மெகாவில் எஸ் மீட்டர் அசையவே இல்லை. ரிக் ஆன் ஆகவில்லையோ என்று டயலைத் திருப்பினேன். ஒரு மோர்ஸ் சத்தம், மெல்லிசாக, சுத்தமாக. மதுரையில் இதெல்லாம் நாய்ஸுக்கு அடியில் கிடந்திருக்கிறது, இரண்டு வருஷமாக.

காலையில் தமிழ்நாட்டு ஆட்களோடு பேசினேன். மோர்ஸ் கீ ஐயாவும் வந்தார், தெளிவாகவும் பலமாகவும் கேட்கிறது என்பதற்கான 59 கொடுத்தார். கால் சைனுக்கு (லைசன்ஸில் தந்த அழைப்புப் பெயர்) பின்னால், வெளியிடத்திலிருந்து பேசுகிறேன் என்பதற்கான ஸ்ட்ரோக் போர்ட்டபிள் என்று சொல்லும்போது முதல் தடவை நாக்கு தடுமாறியது. இன்று யாரும் அதிகம் பேசவில்லை, 2004ஐ நினைத்து ஒரு நிமிடம் அலைவரிசையைக் காலியாக விட்டோம்.

வைகைக்கரை | டிசம்பர் 30, இரவு 8.15

மதுரை வந்தாயிற்று. முழுசாக எழுதுகிறேன், அடுத்துப் போகிறவர்களுக்கு உதவும்.

முதல் நாள் தாள் கொடுக்க இரண்டு இடமும் போனேன். லைசன்ஸைப் புரட்டிப் பார்த்தார்கள், தேதி, நேரம் கேட்டுக் குறித்துக்கொண்டார்கள். மூன்றாம் நாள் சாயங்காலம் ரோந்து வந்தவர்கள் வண்டியை நிறுத்தி இறங்கினார்கள். 'மனு கொடுத்தவர் நீங்கள்தானே' என்றார் ஒருவர். அவ்வளவுதான் விசாரணை. இன்னொருவர் ஹெட்போனை வாங்கிக் காதில் வைத்துக்கொண்டு, ஆஸ்திரேலியாக்காரர் பேசி முடிக்கிற வரை நின்றார்.

செங்குத்து ஆன்டெனாவைப் பற்றி ஐயா சொன்னதில் ஒரு எழுத்துகூடக் கூடுதல் இல்லை. 27 காலை அதே 5 மீட்டர் வயரை முதலில் வீட்டு முற்றத்தில் கட்டிப் பார்த்தேன். இந்தோனேசியா ஒருவர் அரைகுறையாகக் கேட்டார், மற்றவர்கள் யாருக்கும் நான் கேட்கவில்லை. கழற்றி எடுத்துக்கொண்டு நடந்து போய் தண்ணீர் விளிம்பில் நிறுத்தினேன், 10 வாட்தான். முக்கால் மணி நேரத்தில் இந்தோனேசியா மூன்று, மேற்கு ஆஸ்திரேலியா இரண்டு, ரீயூனியன் ஒன்று. ரீயூனியன்காரர் என்னிடம் திருப்பிக் கேட்டார், எத்தனை வாட் என்று. இரண்டு தடவை சொல்ல வேண்டியிருந்தது. பகலில் 28 மெகாவும் திறந்திருந்தது, ஆனால் அந்த நேரம் பிள்ளைகளோடு பாம்பன் பாலத்துக்குப் போய்விட்டேன். புதுப் பாலத்தின் நடுப்பகுதி செங்குத்தாகத் தூக்கப்படுவதைப் பார்க்க வேண்டுமென்று மகனுக்கு ஆசை.

இப்போது கஷ்டம். மணலில் கழி நிற்கவில்லை. கூடாரத்துக்கு அடிக்கிற இரும்பு முளைகளை எடுத்துப் போயிருந்தேன், வாடை ஒரு தள்ளு தள்ளியதும் வெண்ணெயில் குத்திய ஊசி மாதிரி உருவிக்கொண்டு வந்துவிட்டன. கழி ரிக்குக்கு ஒரு சாண் பக்கத்தில் விழுந்தது. வலை பின்னிக்கொண்டிருந்த பெரியவர் ஒருவர் எழுந்து வந்தார். ஒன்றும் கேட்கவில்லை. மூன்று பழைய சாக்கைக் கொண்டு வந்து, முழங்கை ஆழத்துக்குக் குழி தோண்டி, சாக்கில் பாதி மணலை அள்ளிப் போட்டு வாயைக் கட்டி, கயிற்றை அதில் முடிந்து குழிக்குள் படுக்க வைத்து மூடினார். மேலே ஏறி மிதித்தார். 'வள்ளமே நிக்கும்' என்றார். அப்புறம் கிளம்பும் வரை கழி அசையவில்லை. அந்த முடிச்சை மட்டும் இரண்டு தடவை போட்டுக் காட்டச் சொல்லிக் கற்றுக்கொண்டேன்.

இரண்டாவது, கழியின் மூட்டுகளில் மணல் ஏறிவிட்டது. கடைசி நாள் மடக்கவே முடியவில்லை. முறுக்கிப் பார்த்தேன், கிறீச்சென்று சத்தம் வந்ததும் விட்டுவிட்டேன், இழை கீறிவிடும். அப்படியே நீளமாகக் கார் மேல் கட்டிக் கொண்டுவந்தோம். வீட்டில் வெறும் தண்ணீரைப் பைப்பில் விட்டுக் கழுவக் கழுவத் தானாக இறங்கியது. கீழ் முனையில் ஒரு பாலித்தீன் பையைக் கட்டி வைத்திருந்தால் இந்தப் பாடு இல்லை. கனெக்டர்களில் வாஸலின் தடவியிருந்தேன், அவை பளிச்சென்று இருக்கின்றன. தடவாமல் விட்ட ஒரே ஒரு பிஎல்259 கனெக்டர் ஐந்தே நாளில் பச்சை பூத்துவிட்டது.

ஆறு மணிக்கு மேல் குரல் நடுங்குவதைக் கேட்டேன். முதல் நாள் கை தானாகக் கேபிளைப் பிடித்தது, ஐயா எழுதியது நினைவுக்கு வந்து விட்டுவிட்டேன்.

ஒலிபெருக்கி விஷயம்: வீட்டுக்கு மேற்கே ஒன்று இருந்தது. அது பாடிய நேரமெல்லாம் மைக்கைத் தொடவில்லை. காலை ஏழு மணிக்குப் பெரியம்மா அவித்த பனங்கிழங்கும் சுக்குக் காபியும் கரைக்கே கொடுத்து அனுப்புவார். மகள்தான் லாக், அதாவது யாரோடு எப்போது பேசினேன் என்ற பதிவு, எழுதினாள். நேரத்தை உலகப் பொது நேரமான யூடிசியில் எழுத ஐந்தரை மணி நேரம் கழிப்பது இப்போது அவளுக்கு என்னைவிட வேகமாக வருகிறது.

கேட்பவன் 21 | டிசம்பர் 30, இரவு 10.40

அண்ணா, அக்கா சொன்னபடி நோட்டு போட்டுவிட்டேன். 28 காலை ஆறரைக்கு இலங்கை ஸ்டேஷன்கள் ஏழு வந்தன, எட்டரைக்கு இரண்டுதான் பாக்கி. காற்று இல்லாத காலை. நீங்கள் அந்த நேரம் 145இல் இருந்தீர்களா?

வைகைக்கரை | டிசம்பர் 31, காலை 6.20

இல்லை தம்பி, 14 மெகாவில் இருந்தேன். தெரியாமல் போய்விட்டது. அடுத்த முறை நீ எனக்குச் செய்தி அனுப்பு, நான் மாறிக்கொள்கிறேன்.

சேதுச்சீமை | டிசம்பர் 31, காலை 7.05

சந்தோஷம் தம்பி. போகிறபோது குழிகளை மூடினீர்களா? ராத்திரி வள்ளம் இழுக்கிறவர்கள் கால் வைத்தால் சுளுக்கிவிடும்.

வைகைக்கரை | டிசம்பர் 31, காலை 7.30

மூன்றையும் மூடி மிதித்துவிட்டுத்தான் வந்தேன் அண்ணா. சாக்குகளை உதறிக் காயவைத்து அவரிடமே கொடுத்தேன். ஒன்றைத் திருப்பி என் கையில் வைத்துவிட்டார், அடுத்த வருஷம் கொண்டுவரச் சொல்லி.